மலையகத் தொழிலாளரும் மருத்துவச் சஞ்சிகைகளும்

நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களின் பெயரை மலையகத்துக்கு வெளியே அறிந்தோர் சிலரே. ஆயினும் உலகின் எந்த நாட்டில் பல் மருத்துவம் கற்கும் மாணவரும், ஈறு நோய் பற்றிய பாடத்துக்கு வரும்போது இத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றிப் பெரும்பாலும் கற்றே ஆக வேண்டியுள்ளது. பாடநூல்களில் அவர்களுக்கு ஊர்ப் பெயரும் இல்லை, ஆட்பெயரும் இல்லை. "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்" என்பதே அவர்களது அடையாளம். மருத்துவச் சஞ்சிகைகளில் வெளியாகும் ஆய்வுகள் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்ற கேள்வியை, எங்கோ நடந்த ஒன்றைக் கொண்டன்றி, நமது மலைகளில் நடந்த இந்த ஆய்வைக் கொண்டே நோக்குவது பொருத்தமானது.

நோர்வே நாட்டவரான பேராசிரியர் ஹரல்ட் லோ என்பவரே இவ்வாய்வின் கர்த்தா. பின்னாளில் அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் பணிப்பாளராக இருந்தவர். 1969இல் ஒஸ்லோ நகரில் 565 ஆண்களைத் தெரிவு செய்தார். அவர்கள் சிறுவயது முதலே ஒழுங்கான பற்சிகிச்சை பெற்றுவந்த, படித்த வகுப்பினர். 1970இல் அதற்கு நேரெதிரான ஒரு கூட்டத்தை மலையகத்தில் கண்டார். 14 வயதுக்கும் 31 வயதுக்கும் இடைப்பட்ட 480 ஆண் தொழிலாளர், பற்தூரிகையின் பழக்கமற்றவர்கள், பல் வைத்தியரை நாட வழியற்றவர்கள். இவ்விரு குழுவினரதும் வாய், பல ஆண்டுகள் இடையிட்டு மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது.

1986இல் லோவும் அவரது சகாக்கள் மூவரும் வெளியிட்ட கட்டுரை பல் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது என்றால் மிகையாகாது. ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால், காலப்போக்கில் எலும்பு கரைந்து பல் விழுந்தே தீரும் என்பதே அதுவரை நிலவிய எண்ணம். தோட்டத் தொழிலாளரின் வாய் வேறு கதை சொல்லிற்று. ஏறக்குறைய அனைவரது பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன, ஈறுகளும் வீங்கியிருந்தன. எனினும் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகவும், 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்துக்கு அப்பால் நோய் நகரவேயில்லை. ஒரே உணவு, ஒரே வாழ்க்கை, ஒரே அழுக்கு. ஆனால் விளைவு மூன்று விதம். நோயின் வேகத்தை அழுக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை, உடலின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது என்ற முடிவுக்கு இவ்வாய்வு வலுவான ஆதாரமாயிற்று. இதன் அறிவியல் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

நம்மை உறுத்துவது வேறொரு கணக்கு. 1970இல் 480 பேராக இருந்தவர்கள் 1985ஆம் ஆண்டுப் பரிசோதனையில் 161 பேராகக் குறைந்தனர். 2010இல் மற்றொரு குழுவினர் அவர்களைத் தேடிச் சென்றபோது 75 பேர் மாத்திரமே மீளப் பரிசோதிக்கப்பட்டனர். அதன் பெறுபேறுகள் 2017இல் வெளியாகின. மருத்துவச் சஞ்சிகைகளின் மொழியில் இவ்வாறு மறைந்தவர்கள் "தொடர் கண்காணிப்பிலிருந்து விடுபட்டோர்" எனப்படுவர். முதல் 15 ஆண்டுகளில் விடுபட்ட 319 பேரும் எங்கே போயினர்? கட்டுரையின் சுருக்கவுரையை வாசிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இது வெறும் எண். மலையக வாசகருக்கோ விடையின் பெரும்பகுதி சொல்லாமலே விளங்கும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக்கப்பட்டனர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. எழுபதுகளில் தலைமன்னார் செல்லும் புகையிரதங்களில் தோட்டம் தோட்டமாக மக்கள் ஏற்றப்பட்டனர். 1973, 1974 காலப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. லோ தெரிவு செய்த இளைஞர்கள் இத்தனையையும் கடந்த தலைமுறையினர். அவர்களுள் எத்தனை பேர் மண்ணுக்குள் போயினர், எத்தனை பேர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர் என்பது தெரிந்தாலன்றி, எஞ்சிய 161 பேரின் பற்கள் 480 பேருக்காகவும் பேசுகின்றன என்று எவ்வாறு கூற முடியும்? போனவர்களின் வாய் எஞ்சியவர்களின் வாயைப் போலவே இருந்ததா என்பது அரசியற் கேள்வி மட்டுமன்று, புள்ளிவிபரக் கேள்வியும்கூட.

இத்தகைய கேள்விகளை ஆய்வாளரிடம் கட்டாயமாகக் கேட்பதற்கென்றே இன்று விதிமுறைகள் உள்ளன. 1978இல் மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வன்கூவரில் கூடிப் பொதுவான எழுத்து விதிகளை வகுத்தனர். சிகிச்சைப் பரிசோதனைகளுக்கான கொன்சோர்ட் என்னும் விதித்தொகுப்பு 1996இல் வந்தது. லோவின் ஆய்வு போன்ற நீண்டகால அவதானிப்பு ஆய்வுகளுக்கென 2007இல் ஸ்ட்ரோப் என்னும் 22 அம்சப் பட்டியல் வெளியாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்தனர், விலகியோர் ஏன் விலகினர் என்பதை எழுதுமாறு அது கோருகின்றது. 1986ஆம் ஆண்டுக் கட்டுரையை 2007ஆம் ஆண்டு விதியைக் கொண்டு குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. ஆனால் அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

நமது முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் புதுமை ஏதும் இராது. ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன்னர் அதன் வாசகத்தை மட்டுமன்றி, அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், சங்கிலியில் எங்கேனும் கண்ணி அறுந்துள்ளதா என்றெல்லாம் ஆராய்ந்து, ஸஹீஹ் என்றும் ளயீப் என்றும் தரம் பிரித்த மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மருத்துவச் சஞ்சிகைகள் மிகப் பிந்தியே அந்த ஒழுங்குக்கு வந்து சேர்ந்தன.

இன்னொரு சொல்லும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. லோவின் கட்டுரைத் தொடருக்கு "மனிதரில் ஈறு நோயின் இயற்கை வரலாறு" என்று பெயர். சிகிச்சை குறுக்கிடாதபோது நோய் எவ்வாறு செல்கின்றது என்பதே மருத்துவத்தில் இச்சொல்லின் பொருள். 2017ஆம் ஆண்டுக் கட்டுரையும் இத்தொழிலாளரைத் தடுப்பு முறையோ சிகிச்சையோ ஒருபோதும் பெறாதவர்கள் என்றே வர்ணிக்கின்றது. ஆனால் ஒரு தோட்டத்தில் பல் வைத்தியர் இல்லாதிருந்தது இயற்கையின் செயலா? லயத்துப் பிள்ளைக்குப் பற்தூரிகை எட்டாதிருந்ததற்குக் கூலியும் நிர்வாகமும் காரணமேயன்றி மழையும் பனியுமல்ல. ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையே பல்லை இழந்துகொண்டிருந்தவருக்கு ஆய்வாளர் ஆற்ற வேண்டிய கடமை யாது என்ற கேள்வியும் இதனுடன் எழுகின்றது. மனிதர் மீதான ஆய்வுகள் குறித்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது. அதன் கோட்பாடுகளுக்கு இணங்காத பரிசோதனைகளின் அறிக்கைகளைச் சஞ்சிகைகள் ஏற்கலாகாது என 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது.

இதே எழுபதுகளில் நமது தோட்டங்களில் நடந்த வேறொரு ஆய்வு, எழுத்து முறையில் ஒரு படி முன்னே நிற்கின்றது. இரத்தச் சோகையுற்ற தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு இரும்புச் சத்து மாத்திரையும், மறு பகுதியினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்து, ஒரு மாதத்தின் பின் அவர்கள் பறித்த கொழுந்தை ஆய்வாளர் நிறுத்துப் பார்த்தனர். இரும்புச் சத்தினால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் உயர்ந்தோர் அதிகம் பறித்தனர். ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை இருந்த, மிகவும் சோகையுற்றோரிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இது வெளியானது. பேராதனையில் மருத்துவம் கற்பித்தவரும், பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறித் தமிழர் உரிமைக்காக இடைவிடாது குரல் கொடுத்த சிங்களவருமான பிரையன் செனவிரத்ன இதன் ஆசிரியர்களுள் ஒருவர். ஒப்பிடுவதற்கு ஒரு குழு இருந்தது. அளவுகோலும் தெளிவாக இருந்தது. ஆயினும் ஒரு மனிதரின் சோகை தீர்ந்ததற்குச் சான்றாகக் கொழுந்தின் நிறையைத் தேர்ந்தெடுத்தது யார்? மாலையில் லயத்துக்குத் திரும்பும்போது அவளுக்கு மூச்சு வாங்காதிருந்ததா என்று கேட்டிருந்தால் அதுவும் ஓர் அளவுகோல்தானே. அந்த ஆய்வாளர்கள் தொழிலாளரின் அன்றாட நடமாட்டத்தையும் சில மணிநேரம் பதிவு செய்தனர் என்பதை இங்கு நன்றியுடன் குறிப்பிட வேண்டும். எதை அளப்பது என்பதில் நோயாளருக்கும் பொதுமக்களுக்கும் பங்களிக்கப்பட்டதா என்பதைத் தெரிவிக்குமாறு கோரும் புதிய அம்சம், 2025இல் திருத்தப்பட்ட கொன்சோர்ட் விதிகளிலேயே சேர்க்கப்பட்டது.

இவையெல்லாம் வைத்தியர்களின் உள்வீட்டு விவகாரம் என்று கருதுவோர் 2020ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். கொரோனாவினால் இறந்தோரை அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்ற கூற்றின் பேரில், அவ்வாண்டு ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அக்கூற்றைத் தாங்கும் ஆய்வுக்கட்டுரை எதுவும் முன்வைக்கப்படவில்லை. அடக்கம், தகனம் இரண்டுமே பாதுகாப்பானவை என உலக சுகாதார நிறுவனம் முன்னரே கூறியிருந்தது. பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தகனம் செய்யப்பட்டது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கத்தை அனுமதிக்கலாம் என அறிவித்தது. பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் ஆரம்பமாகின. அரசாங்கம் மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலை வரை சென்றது. ஆதாரத்தைக் காட்டு என்று கேட்கும் வழக்கம் ஒரு நாட்டில் வேரூன்றாதிருந்தால் அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதை ஹற்றன் கடைத்தெருவில் எவரும் அறிவர்.

நம்மிடம் மரபு இல்லாமலில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் வெளியிடும் சிலோன் மருத்துவச் சஞ்சிகை 1887ஆம் ஆண்டு முதல் வெளிவருகின்றது. சிகிச்சைப் பரிசோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் பதிவேடும் 2006 முதல் இலங்கையில் இயங்குகின்றது. தொடக்கத்தில் அறிவித்த இலக்கை முடிவு வந்த பின் மாற்றி எழுதும் தந்திரத்துக்கு அது தடை. பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் பெருகியுள்ள காலத்தில் இவ்விரண்டும் பாதுகாக்கப்பட வேண்டியவை. பெரிய பெயரும் காவலாகாது: புகழ்மிக்க லான்செட் சஞ்சிகையே கொரோனா மருந்து பற்றிய ஒரு கட்டுரையை, தரவுகளைச் சரிபார்க்க இயலாமையால் 2020 ஜூனில் மீளப்பெற நேர்ந்தது.

பூண்டுலோயா ஆய்வின் கடைசி முடிவு, எவருடைய வாயிலிருந்து பெறப்பட்டதோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியது என்பதால் அதை இங்கு தருகின்றோம். 2010இல் பரிசோதிக்கப்பட்ட 75 பேரும் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தனர். 12 பேருக்கு ஒரு பல்லும் எஞ்சவில்லை; 4 பேர் ஒரு பல்லையும் இழக்கவில்லை. புகைத்தலும் பற்காரையும் நோயின் தொடக்கத்துடன் தொடர்புற்றிருந்தன. 30 வயதில் ஈறு பல்லிலிருந்து விலகிய அளவு சராசரியாக 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்கள் 60 வயதில் 20 பற்களையேனும் தக்கவைத்திருக்கும் வாய்ப்பைக் கூடுதலாகப் பெற்றிருந்தனர். எனவே பல் துலக்கும்போது இரத்தம் கசியும் இளைஞர் எவரும் முப்பது வயதுக்கு முன்னரே அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று காரையை அகற்றிக்கொள்வதும், பீடி, சிகரெட்டைக் கைவிடுவதும் அவசியம்.