புயலும் மேல்காற்றும்: வானிலை வரைபடத்தின் வரலாறு

பல ஊர்களில் ஒரே நேரத்தில் அளக்கப்பட்ட காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை ஒரே தாளில் குறித்துக் காட்டும் படமே வானிலை வரைபடம். ஓரிடத்தில் நிற்பவருக்கு மேகம் தெரியும், மழை தெரியும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதும் தெரியும். ஆனால் அந்தக் காற்று, பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பெருஞ்சுழல் ஒன்றின் ஓரம் என்பது தெரியாது. அதை முதலில் காட்டிக்கொடுத்தது வரைபடம். தரைமட்டக் காற்றை வரையக் கற்றபோது புயல் என்றால் என்ன என்பது விளங்கியது. அது எந்தப் பக்கம் போகும் என்பது, மேல்வானக் காற்றை வரையக் கற்ற பிறகே விளங்கியது. இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் கடந்தது.

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1780இல் தொடங்கிய வானிலைச் சங்கம், ஐரோப்பாவின் பல ஊர்களில் ஒரே மாதிரிக் கருவிகளை வைத்து, குறிப்பிட்ட நேரங்களில் அளவெடுக்கச் செய்தது. ஹைன்ரிக் வில்ஹெல்ம் பிராண்டெஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் அந்தப் பழைய ஏடுகளை எடுத்து, 1783ஆம் ஆண்டின் வானிலையை நாள்வாரியாக வரைபடத்தில் ஏற்றினார். 1820இல் அவர் வெளியிட்ட ஆய்வு, காற்றழுத்தம் குறைந்த பகுதி ஒன்று நாளுக்கு நாள் இடம்பெயர்வதையும், சுற்றியுள்ள காற்று அதை நோக்கி வருவதையும் எடுத்துக்காட்டியது. அதாவது, முதல் வானிலை வரைபடங்கள் வரையப்பட்டபோது அவை காட்டிய வானிலைக்கு ஏறத்தாழ நாற்பது வயது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் காற்று தானே ஒரு வரைபடத்தை நிலத்தில் வரைந்துவிட்டுப் போயிற்று. 1821 செப்டம்பர் 3 அன்று நியூயார்க், கனெக்டிகட் பகுதிகளை ஒரு கடும் ஹரிகேன் (அட்லாண்டிக் கடற்புயல்) தாக்கியது. குதிரைச் சேணம் தைக்கும் தொழிலில் இருந்த வில்லியம் ரெட்ஃபீல்டு, பிறகு அந்த வழியாகப் பயணம் செய்தபோது விழுந்து கிடந்த மரங்களைக் கவனித்தார். கனெக்டிகட்டில் மரங்களின் தலை வடமேற்கைப் பார்த்துக் கிடந்தது. நூறு கிலோமீட்டர் தாண்டி மாசசூசெட்ஸ் மலைப்பகுதிக்குப் போனால் மரங்களின் தலை தென்கிழக்கைப் பார்த்துக் கிடந்தது. ஒரே புயல், ஏறத்தாழ ஒரே நேரம், காற்றின் திசை மட்டும் நேரெதிர். அப்படியானால் காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பத்தாண்டு சான்று சேர்த்து 1831இல் அதை வெளியிட்டார்.

ஜேம்ஸ் எஸ்பி என்ற மற்றோர் அமெரிக்கர் இதை மறுத்தார். காற்று சுழல்வதில்லை, நாலாபுறமிருந்தும் மையத்தை நோக்கிப் பாய்ந்து மேலே எழுகிறது என்பது அவர் கொள்கை. பல ஆண்டுகள் நீடித்த இந்த வழக்கில் இருவர் பக்கமும் உண்மை இருந்தது. காற்று சுழன்றுகொண்டே உள்நோக்கி வருகிறது, மையத்தை நெருங்கியதும் மேலெழுகிறது.

இந்தச் சுழலுக்குப் பெயர் கிடைத்தது கல்கத்தாவில். அங்கே கடல்சார் நீதிமன்றத்தில் பணிபுரிந்த ஹென்றி பிடிங்டன், வங்காள விரிகுடாவில் அகப்பட்ட கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டிப் புயல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1789 டிசம்பரில் காக்கிநாடாவுக்கு அருகே கோரிங்கா துறைமுகத்தைக் கடல் கொண்டுபோன புயலும் அவற்றில் ஒன்று. பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை அவர் உருவாக்கினார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டோடு, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இணைக்கப்பட்டிருந்தன. தகட்டில் புயலின் வட்டங்களும் காற்றின் திசைகளும் பொறிக்கப்பட்டிருக்கும். மாலுமி அதைத் தன் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றின் திசையோடு பொருத்திப் பார்ப்பார். மையம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் விலகினால் உயிர் தப்பலாம் என்பது தெரிந்துவிடும். டச்சு அறிஞர் பைஸ் பாலோ 1857இல் வகுத்த விதி இதையே சுருக்கிச் சொல்கிறது: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், குறைந்த அழுத்தம் இடது கைப்பக்கம் இருக்கும்.

பழைய வானிலையை வரைந்து கொண்டிருந்த தாளில் அன்றைய வானிலையை ஏற்ற வைத்தது தந்தி. புயலைவிட வேகமாகச் செய்தி போக முடிந்ததும், வரும் புயலை முன்கூட்டிச் சொல்ல வழி பிறந்தது. 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் பிரிட்டனின் வானிலைத் துறைத் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குத் தந்தி வழியே புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். 1875 ஏப்ரல் 1 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ், பிரான்சிஸ் கால்டன் வரைந்த முந்தைய நாள் வானிலை வரைபடத்தை அச்சிட்டது. அதே 1875இல் இந்திய வானிலைத் துறையும் தொடங்கப்பட்டது.

அந்தக் காலத்திலேயே வரைபடத்தின் எழுத்துகள் உருவாகிவிட்டன. ஒரே காற்றழுத்தமுள்ள ஊர்களை இணைக்கும் கோடு சமஅழுத்தக் கோடு. கோடுகள் நெருங்கியிருந்தால் காற்று பலம், விலகியிருந்தால் மெதுவான காற்று. வட்டம் வட்டமாகச் சுருங்கி நடுவில் அழுத்தம் குறைந்தால் அது தாழ்வு. கோடுகள் இறுக இறுகத் தாழ்வு வலுத்துப் புயலாகிறது. இன்றைய படத்தில் ஒவ்வோர் ஊரின் காற்றும் அம்புபோல் ஒரு தண்டால் குறிக்கப்படும். தண்டின் நுனியில் உள்ள அரைச் சிறகு 5 நாட், முழுச் சிறகு 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட் வேகத்தைக் குறிக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். பயின்ற கண், இந்தச் சிறகுகளைப் பார்த்தே சுழலின் மையத்தைத் தொட்டுக்காட்டிவிடும்.

ஆனால் தரைமட்டப் படத்துக்கு எல்லை இருந்தது. 1900 செப்டம்பரில் கியூபாவைக் கடந்த ஒரு புயல், வழக்கம்போல வடக்கே திரும்பி ஃப்ளோரிடா வழியாக அட்லாண்டிக் கரையோரம் போய்விடும் என்று வாஷிங்டனில் கணித்தார்கள். அது திரும்பவில்லை. மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து செப்டம்பர் 8 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரை மூழ்கடித்தது. குறைந்தது 6,000 பேர் இறந்தனர். கடலில் போகும் கப்பல்களிலிருந்து சேதி வர அப்போது வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, படத்தில் மேல்வானமே இல்லை என்பது. கியூபாவின் ஹவானாவில் பெலன் வானாய்வகத்தை நடத்திய பாதிரியார் பெனிட்டோ வினியெஸ், 1870களிலேயே உயர்ந்த கீற்று மேகங்கள் ஓடும் திசையைப் பார்த்துப் புயலின் போக்கைக் கணித்து வந்தார். மேலே பார்க்க வேண்டும் என்பதை அவர் கண் அறிந்திருந்தது. அளப்பதற்குக் கருவிதான் இல்லை.

கருவி மெல்ல வந்து சேர்ந்தது. ஜப்பானின் தத்தேனோ மேல்வான ஆய்வகத்தில் ஓயிஷி வசாபுரோ, 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டுத் தொலைநோக்கியால் அவற்றைப் பின்தொடர்ந்தார். குளிர்காலத்தில் 9, 10 கிலோமீட்டர் உயரத்தை எட்டிய பலூன்களைக் கடுமையான மேற்குக் காற்று கிழக்கே இழுத்துக்கொண்டு ஓடியது. வேகம் நொடிக்கு 70 மீட்டர் வரை இருந்தது. உலகம் படிக்கட்டும் என்று இதை அவர் 1926இல், உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோவில் வெளியிட்டார். படித்தவர்கள் மிகக் குறைவு. பலூனிலிருந்தே வானொலி வழியாக அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றை அனுப்பும் ரேடியோசோண்டு கருவி 1929–30இல் பிரான்சிலும் சோவியத் நாட்டிலும் பறக்கத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர் இந்தக் காற்றை எல்லோருக்கும் உணர்த்தியது. 1944 நவம்பரில் டோக்கியோவைத் தாக்கப் போன அமெரிக்க பி-29 விமானங்கள், பின்னாலிருந்து தள்ளிய காற்றால் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் இலக்கைத் தாண்டிப் பறந்தன. பெரும்பாலான குண்டுகள் குறி தவறின. அதே மாதம் ஜப்பான் இதே காற்றை நம்பி, வெடிகுண்டு கட்டிய பலூன்களைப் பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் அமெரிக்காவை நோக்கி அனுப்பத் தொடங்கியது. போர் முடிந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல்-குஸ்தாவ் ராஸ்பியும் எரிக் பால்மெனும் மற்றோரும் மேல்வான அளவுகளை வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தனர். நடு அகலக்கோடுகளில் பூமியைச் சுற்றி ஓடும் ஒடுங்கிய, வேகமான காற்று ஆற்றை அவை காட்டின. 1947இல் வெளியான அவர்கள் ஆய்வுக்குப் பிறகு ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்ற பெயர் நிலைத்தது.

ஜெட் காற்று பிறப்பதற்குக் காரணம் வெப்ப வேறுபாடு. குளிர்ந்த காற்று அடர்ந்து தாழ்ந்து கிடக்கும், சூடான காற்று பருத்து உயர்ந்து நிற்கும். அதனால் மேலே போகப் போக, ஒரே உயரத்தில் துருவப் பக்கம் அழுத்தம் குறைவாகவும் வெப்பமண்டலப் பக்கம் மிகுதியாகவும் இருக்கும். காற்று துருவத்தை நோக்கிச் சரியப் பார்க்கிறது. பூமியின் சுழற்சி அதைத் திருப்பி மேற்கிலிருந்து கிழக்காக ஓடவிடுகிறது. மேல்வான வரைபடத்தில், 500 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சமஉயரக் கோடுகளால் வரைவார்கள். அது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரம். 300, 200 ஹெக்டோபாஸ்கல் படங்கள் 9 முதல் 12 கிலோமீட்டர் வரை காட்டும். கோடுகள் எங்கே நெருங்கி ஓடுகின்றனவோ அங்கே ஜெட் காற்று. அது நேராக ஓடுவதில்லை. வடக்கே வளைந்து எழும் இடம் முகடு, தெற்கே தொங்கும் இடம் அகடு.

ஹரிகேனுக்கு வேண்டிய வலு வெதுவெதுப்பான கடலிலிருந்து கிடைக்கிறது. கடல்மேற்பரப்பின் வெப்பம் 26, 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அது உருவாகும் என்பதை 1948இல் பால்மென் காட்டினார். ஆனால் அதற்குத் தன் பாதையை வகுத்துக்கொள்ளும் வலு குறைவு. ஆற்றில் விழுந்த சுழல் ஆற்றோடு போவதுபோல, சுற்றியுள்ள ஆழ்ந்த காற்றோட்டம் இழுக்கும் பக்கம் போகும். அட்லாண்டிக்கில் அது முதலில் உயரழுத்தத்தின் தெற்கு ஓரமாக மேற்கே நகர்கிறது. வடக்கிலிருந்து ஜெட் காற்றின் அகடு இறங்கி வந்து எட்டிப் பிடித்தால், வடக்கே, பிறகு வடகிழக்கே திரும்பி வேகமெடுக்கிறது.

1938 செப்டம்பர் 21 அன்று இதுவே நடந்தது. கிழக்கே உயரழுத்தம், மேற்கே ஆழ்ந்த அகடு. நடுவில் அகப்பட்ட ஹரிகேன், மணிக்கு 75 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் வடக்கே பாய்ந்து அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தைத் தாக்கியது. புயல் கடலிலேயே விலகிப் போகும் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்தது. சுமார் 600 பேர் இறந்தனர். 2012இல் சாண்டி புயல் வந்தபோது கிழக்கே போகும் வழியை உயரழுத்தம் அடைத்திருந்தது, ஜெட் காற்றின் அகடு அதை மேற்கே இழுத்தது. அக்டோபர் 29 இரவு அது நியூ ஜெர்சிக் கரையில் ஏறியது. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி இந்தத் திருப்பத்தை ஒரு வாரம் முன்பே காட்டியிருந்தது.

ஜெட் காற்று புயலைக் கொல்லவும் செய்யும். கீழே ஒரு வேகம், மேலே வேறொரு வேகம் என்று காற்று மாறி வீசினால், புயலின் உயர்ந்த மேகக் கோபுரம் சாய்ந்து சிதறுகிறது. இதைக் காற்று முறிவு என்பர். தென்னிந்தியாவில் இதற்கு நேரடிச் சான்று உண்டு. சென்னையின் அகலக்கோட்டுக்கு அருகே, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுவதை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விளக்கினார். கீழே மேற்குக் காற்று, மேலே இந்தக் கிழக்கு ஜெட். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வங்கக்கடல் சூடாக இருந்தும் கடும்புயல்கள் அரிதாவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்த ஜெட் விலகியபின், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, புயல்கள் வலுக்கின்றன. வடக்கே முகடு நிலைத்து நின்றால் அவை தமிழகக் கரைக்கு வருகின்றன. மேற்கிலிருந்து அகடு வந்துவிட்டால் ஆந்திரம், ஒடிசா, வங்கம் நோக்கித் திரும்பிவிடுகின்றன.

1950இல் எனியாக் என்ற கணினி முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டபோது எடுத்துக்கொண்டது 500 ஹெக்டோபாஸ்கல் படத்தைத்தான். ஒரு நாள் வானிலையைச் சொல்ல அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1 செயற்கைக்கோள், புயலை மேலிருந்து பார்க்கும் கண்ணைத் தந்தது. இன்று வரைவது கணினிதான், ஆனால் வரையப்படுபவை அதே கோடுகள், அதே சிறகுகள். புயல் செய்தி வரும்போது மையம் எங்கே என்பதோடு நின்றுவிடாமல் மேல்வானப் படத்தையும் பார்ப்பவருக்கு, எச்சரிக்கை ஏன் மாறுகிறது என்பது விளங்கும். அந்தப் படத்துக்கான அளவுகளில் ஒரு பங்கு இங்கிருந்தும் போகிறது. உலகெங்கும் நாளுக்கு இருமுறை ஒரே நேரத்தில் பலூன்கள் ஏறுகின்றன. இந்திய நேரப்படி அது காலை 5.30, மாலை 5.30. சென்னை மீனம்பாக்கமும் காரைக்காலும் அவற்றைப் பறக்கவிடும் ஊர்களில் இரண்டு.