ஓலை முதல் பேரேடு வரை: தமிழ்ப் பிரசங்கிமார் படித்த வரலாறு

நம்மில் பலருக்குக் கல்யாண் என்றால் ரயில் ஜங்ஷன்தான். ஆனால் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளுஸ்' என்னும் கடல்வழி நூலிலேயே இத்துறைமுகத்தின் பெயர் வருகிறது. பின்னர் 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற இன்னொரு வணிகர், கல்லியானாவில் பாரசீகத்திலிருந்து நியமனம் பெற்ற பிஷப் ஒருவர் உண்டு என்று எழுதி வைத்தார். அந்தக் கல்லியானா நம் கல்யாணே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கடல் கடந்து வரும் குருவுக்குச் சோறு எப்படியும் கிடைத்துவிடும். புத்தகம் கிடைப்பதுதான் கஷ்டம். அந்தப் பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். சமணனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் எழுத்துப் பழகினார். அப்புறம் அவர் வகுத்துக்கொண்ட நித்திய அட்டவணையைப் பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்கும். காலை 8 மணி முதல் நண்பகல் வரை ஒரு முதிய புலவரையும் ஓர் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் ஏடுகளைப் படிப்பார். பிற்பகல் 3 மணியிலிருந்து 5 வரை மறுபடியும் படிப்பு. இரவு 7 மணிக்குக் கண் வலிக்காமல் இருக்க வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பார். இவ்வளவும் எதற்கு? ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பிரசங்கம் செய்வதற்கு.

1708இல் தாம் சேர்த்த சுவடிகளுக்கு அவர் ஓர் அட்டவணை எழுதினார். தமிழரின் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் அதில் 119. திருக்குறள் இருக்கிறது, திவாகரம் இருக்கிறது. திவாகரம் எங்கள் சமணர் செய்த நிகண்டு. கிறிஸ்தவப் பிரசங்கத்துக்குச் சொல் தேடியவர் சமணர் நிகண்டைப் புரட்டினார் என்பதே என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. அச்சுவடிகளில் சிலவற்றை அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், பிராமண விதவைகளிடம் மலிவாக வாங்கி வந்தார்கள். வீட்டுக்காரர் கண்ணை மூடினதும் ஏடு அடிமாட்டு விலைக்குப் போகும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது! எங்கள் சமயத்தில் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானமும் நான்கு தானங்களில் ஒன்று. ஏடு எழுதிக் கொடுப்பது இல்லறத்தார் கடமை. அப்படிப் பழகிய எனக்கு அந்த விலை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அச்சு வந்த பிறகும் பஞ்சம் தீரவில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கினார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறியது. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது.

என்றாலும் வெள்ளைக்காரப் பாதிரிக்கு ஹாலே இருந்தது; கடிதம் போட்டால் கப்பலில் புத்தகம் வரும். தமிழ் உபதேசியாருக்கு யார் இருந்தார்கள்? அவருக்கு ஒரு புதிய ஏற்பாடும் ஞாபக சக்தியுமே முதல். தஞ்சைப் படையில் வீரராக இருந்த ராஜநாயக்கன், அச்சிட்ட சுவிசேஷப் புத்தகம் கைக்குக் கிடைத்து, அதைப் படித்தே மனம் மாறியவர். பல்லாண்டு ஊர் ஊராக உபதேசம் செய்தார். ஆனால் குருப்பட்டம் 1733இல் ஆரோனுக்குக் கிடைத்தது, 1741இல் தியோகுவுக்குக் கிடைத்தது, ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. அவர் பறையர் குலத்தவர். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிமார் தயங்கினார்கள். புத்தகமில்லாத குறையை உழைத்துத் தீர்த்துக்கொண்ட மனிதருக்கு இந்தக் குறையைத் தீர்க்க வழியில்லை. இதை மூடி மறைத்து எழுதுவது வரலாறாகாது.

1790 டிசம்பர் 26ஆம் நாள் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், அன்று தமிழில் ஒரு பிரசங்கம் செய்தார். அது ஆங்கிலமாகி 1792இல் லண்டனில் அச்சாயிற்று. அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த சரக்கு, எதிர்த்திசையில் போயிற்று என்று வியாபாரி பாஷையில் சொல்லலாம்.

திருநெல்வேலிச் சீமை வேறு விதம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ், திருப்பாற்கடல் கவிராயரிடம் தமிழ் பாடம் கேட்டவர். பனையோலை வேய்ந்த ஜெபவீட்டில் பிள்ளைகளுக்கு வாத்தியாரும் பெரியவர்களுக்கு உபதேசியாரும் ஒருவரே. அவர்களையெல்லாம் மிஷன் பங்களாவுக்குக் கூட்டிப் பாடம் சொல்வார்கள். அங்கே கேட்டுக் குறித்துக்கொண்ட பிரசங்கச் சுருக்கத்தை மனத்தில் உருட்டியபடியே உபதேசியார் தேரிக்காட்டு மணலில் ஊருக்கு நடப்பார். பனையேறியும் அவர் மனைவியும் வாராவாரம் உட்கார்ந்து கேட்ட நீண்ட தமிழ் உரைநடை இந்தப் பிரசங்கம்தான். அந்தக் காலத்தில் செய்யுள் கேட்கக் கதாகாலட்சேபம் உண்டு, பாட்டுக்கு வில்லிசை உண்டு. உரைநடைக்கு அவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் பத்திரிகையையும் நாவலையும் சொல்லுமளவுக்கு இந்த ஏழை உபதேசிமாரைச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

புத்தகப் பஞ்சம் மனிதனை அடுத்தவர் வீட்டு வாசலில் நிறுத்திவிடும். சாயர்புரத்தில் குருமாரைப் பயிற்றுவித்த ஜி. யு. போப், சமண முனிவர் செய்த நாலடியாரை 1893இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சைவரான உ. வே. சாமிநாதையர், சிந்தாமணிக்குப் பொருள் தெரிய வேண்டிக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்தார். 1887இல் நூல் வெளிவந்தது.

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த ஜனங்கள் பைபிளையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் டிரங்குப் பெட்டியில் வைத்தே கொண்டுவந்தார்கள். இங்கேயும் பல சிறு சபைகளில் போதகருக்குச் சம்பளமே கிடையாது; பகலில் வேலை, இரவில் படிப்பு. என் காகிதக் கடைக்கு அப்படி ஒருவர் வருவார். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பைபிள், அட்டை போன ஒத்தவாக்கிய அகராதி, கீர்த்தனை ஆக மூன்றே அவரது நூலகம். வருஷம் கடந்து விலைபோகாத பேரேடுகளைப் பாதி விலைக்குக் கேட்பார். நான் காசு வாங்குவதில்லை. பைபிளில் வரும் பழைய சொற்களுக்குப் பொருள் கேட்பார். கழகத் தமிழ் அகராதியை இரவல் கொடுத்தேன். நாலைந்து மாதத்தில் வேண்டிய பக்கங்களைக் கையாலேயே பெயர்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தந்தார்.

ஒரு நாள் அவருடைய பிரசங்கப் பேரேட்டைப் பார்க்கக் கேட்டேன். பற்று என்ற பத்தியில் வசனம், வரவு என்ற பத்தியில் விளக்கம். எல்லாம் தமிழ். கடைசிப் பக்கத்தில் மட்டும் அன்றைய தமிழ் வசனம் தேவநாகரி எழுத்தில் இருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அதனால் அப்படி எழுதி வைக்கிறேன் அண்ணாச்சி என்றார். ழகரம் வரும் இடத்திலெல்லாம் மராத்தி ளகரத்தைப் போட்டு, அடியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.