ஈத் 0 எங்கே போயிற்று?

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பதற்குப் 'பாடு' என்னும் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. உரிமையுள்ள குப்பத்தார், வலையிடத் தகுந்த இடங்களைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று ஓரிடத்தில் வலையிடுபவர் நாளை வேறிடம் போகலாம். ஆள் மாறுவார், முறை மாறும், இடம் மட்டும் அங்கேயே இருக்கும். ஆள், முறை, இடம் என்ற மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பினால் கரையில் சண்டை மூளும்.

கணிப்பொறி வலையிலும் இதே குழப்பம் நேர்ந்து, தீர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த வரலாற்றைக் காண்போம்.

ஈதர் தந்த பெயர்

ஒளி பரவ 'ஈதர்' என்னும் ஊடகம் தேவை என்று 19ஆம் நூற்றாண்டு இயற்பியலார் நம்பினர். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் நடத்திய சோதனையில் அதன் தடயம் கிடைக்கவில்லை. கைவிடப்பட்ட அப்பெயரை 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் கணிப்பொறிகளை இணைக்கும் முறைக்குச் சூட்டினார். அதுவே 'ஈதர்நெட்'. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், ஈதர்நெட் கார்டுகள் 'ஈத் 0', 'ஈத் 1' என்று பெயர் பெற்றன.

வந்த வரிசை

இந்த எண்கள் எதைக் குறித்தன? கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போது முதலில் கண்ணில்பட்ட கார்டு 0, அடுத்தது 1. ஒரே கார்டு இருந்தவரை தொல்லையில்லை. இரண்டு இருந்தால்?

ஏரிக்கரையில் ஒரு மீனவர் சங்க அலுவலகம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அங்குள்ள கணிப்பொறியின் ஒரு கார்டு வெளி இணையத்தை நோக்கியது. மற்றது உள்ளே கணக்குகள் இருக்கும் கணிப்பொறிகளை நோக்கியது. 'ஈத் 0 வழியே வரும் அந்நியரைத் தடு. ஈத் 1 வழியே வருவோரை விடு' என்று காவல் விதி எழுதியிருக்கிறார்கள். லினக்ஸைப் புதுப்பித்ததும் கார்டுகளைக் கண்டறியும் வரிசை மாறிவிடுகிறது. காவலாளி அப்படியே நிற்கிறான். ஆனால் கொல்லைப்புறத்தைப் பூட்டிவிட்டுத் தெருவாசலைத் திறந்து வைத்திருக்கிறான்!

ஆளின் அடையாளம்

ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட 48 பிட் முகவரி உண்டு. அதை ஒரு கோப்பில் குறித்து வைத்து, 'இந்த முகவரிக்கு இந்தப் பெயர்' என்று நிலைநிறுத்தினர். வரிசைக் குழப்பம் குறைந்தது. ஆனால் கார்டு பழுதாகிப் புதியதைச் செருகினால், 'ஈத் 0' பழைய கார்டின் பெயரிலேயே பதிவாகி இருக்கும். புதியது 'ஈத் 1' ஆகிவிடும். ஆள் போன பின்னும் அவர் பெயரில் பாடு காலியாகக் கிடப்பது போன்ற நிலை இது.

இடத்தின் பெயர்

2013 சனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு, கார்டு செருகப்பட்ட இடத்தையே பெயராக்கியது. 'இஎன்பி3எஸ்0' என்றால், ஈதர்நெட், 3ஆம் தடம், 0ஆம் செருகிடம் என்று பொருள். பழுதான கார்டை எடுத்து, அதே வகைப் புதிய கார்டை அதே இடத்தில் செருகினால் பெயர் மாறாது. ரெட் ஹாட் 7 (2014), டெபியன் 9 (2017) ஆகியவை இம்முறையை ஏற்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே.

வாயில் நுழையாத பெயர் என்று பலர் முணுமுணுத்தனர். பெயரின் நீளத்தை விடப் பெரிய தொல்லை வேறு. ஈத் 0 என்று எழுதிவைத்த பழைய அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்புக்கு அப்படியே கொண்டுவந்தால், அப்பெயரில் கார்டே இல்லை. வலைத் தொடர்பு அறுந்துவிடும். மேலும் இடப்பெயரும் முற்றிலும் அசையாதது அன்று. வேறொரு கார்டைக் கூடுதலாகச் செருகினால் தடங்களின் எண் நகர்ந்து 3 என்பது 4 ஆகலாம். பெயரிடும் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டன. அதனால்தான் 2018 டிசம்பரில் வந்த 240ஆம் பதிப்பு, 'எனக்குப் பழைய விதியே போதும்' என்று குறிப்பிட வழி செய்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

பெரும் புதுப்பிப்புக்கு முன் 'ஐபி லிங்க்' கட்டளையை இட்டு, கார்டுகளின் பெயரையும் முகவரியையும் தாளில் எழுதி வையுங்கள். இரண்டு கார்டுகள் இருந்தால், ஒவ்வொன்றின் முகவரிக்கும் 'உள்', 'வெளி' என்பது போல அதன் வேலையைச் சொல்லும் பெயரை நீங்களே சூட்டலாம். ஈத் 0 என்று மட்டும் சூட்டாதீர்கள். கெர்னல் தானாக வைக்கும் பெயரோடு அது மோதும்.

தொலைவிலுள்ள கணிப்பொறியானால், அதன் முன் ஓர் ஆளை உட்கார வைத்த பிறகே புதுப்பியுங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை, சுனாமி எச்சரிக்கைகளைக் கடலோரங்களுக்கு அனுப்பி வருகிறது. சங்க அலுவலகக் கணிப்பொறியின் தொடர்பு அறுந்து கிடக்கும் நாளில் அப்படி ஒரு செய்தி வந்தால், அது அந்த வாசல் வரை வந்தும் உள்ளே நுழையாது.