நாகப்பட்டினத்தில் இருந்த சீனர் கோபுரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் போடும் வெள்ளைச் சர்க்கரையை நாம் சீனி என்கிறோம். படிகாரத்துக்குச் சீனக்காரம் என்று ஒரு பெயர். பக்கத்துச் சிவகாசிப் பட்டாசுக்கு ஆதாரமான வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்களும் சீனர்களே. அப்படியானால் சீனர் வந்து தங்கிய இடம் ஏதாவது தமிழ்நாட்டில் உண்டா என்று இராஜபாளையம் நண்பர்கள் கேட்டார்கள். அதைப் பார்க்கத்தான் ஓய்வூதியர்கள் பன்னிரண்டு பேர் வேன் பேசிக்கொண்டு, முந்தின இரவே கிளம்பி, மதுரை, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போனோம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்.

முதலில் கீழ்வேளூர்ப் பக்கம் உள்ள ஆனைமங்கலம். கண்ணுக்கெட்டிய வரை வயல்தான். ஸ்ரீவிஜய மன்னர்கள் நாகையில் கட்டிய சூடாமணி விஹாரத்துக்கு முதலாம் இராஜராஜன் இந்த ஊரின் வருவாயை எழுதி வைத்தான். அந்தச் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. சீனாவுக்குப் போகும் கப்பல் வழியில் ஸ்ரீவிஜயம் நடுவில் இருந்தது. அதே வழியாகச் சோழரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் போன கடைசிக் குழுவில் 72 பேர்.

பிறகு நாகைக்கு வந்தோம். ஊருக்கு வடக்கே ஒரு கோபுரம் இருந்ததாம். 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இந்தக் கரையில் செங்கல்லும் மண்ணும் கொண்ட ஒரு கோபுரத்தைப் பற்றியும், அது 1267-இல் முடிந்ததாக அதில் சீன எழுத்தில் பொறித்திருந்தது பற்றியும் எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் ‘சீனர் கோபுரம்’ என்று அழைத்தது இதைத்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1846-இல் வால்டர் எலியட் பார்த்தபோது சதுரமாக, மூன்று நிலையோடு, இடிந்த கூரையோடு நின்றது. கடலில் வருபவர்களுக்கு அதுவே அடையாளம்.

அந்த இடத்தில் பிரெஞ்சு சேசு சபையார் கல்லூரி நடத்தி வந்தார்கள். கோபுரத்தை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கம் கொடுத்தது. 1867-இல் கோபுரம் போயிற்று. அந்தக் கல்லூரியும் 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிவிட்டது.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சில் ‘ஷினுவாஸ்ரி’ என்றொரு சொல் உண்டு. சீனப் பாணி அலங்காரப் பொருள் என்பது ஒரு அர்த்தம். அலுவலகத்தில் காகிதத்தை இங்கும் அங்கும் தள்ளும் வீண் சிக்கல் என்பது இன்னொன்று. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு இருந்தவன் என்பதால், 600 வருஷக் கோபுரம் எப்படிப் போயிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ‘பழுதடைந்த கட்டடம், பயனில்லை’ என்று ஒரு குறிப்பு, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை.

அங்கே 1856 முதல் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாகைக்குப் போகிறவர்கள் அவற்றையும் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஆசிரியர் இன்னொரு செய்தி சொன்னார். சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எடுத்தார்கள். அதைச் சொல்லும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. கோயில் இன்று இல்லை. ஆனால் அந்தக் கல்லையும், வேறு கட்டடங்களில் சேர்ந்துவிட்ட அதன் தூண்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பழைய ஓவியம் ஒன்று மிஞ்சியிராவிட்டால் நமக்கு நாகைக் கோபுரத்தின் உருவமே தெரிந்திருக்காது. நம் இரண்டு ஊர்களிலும் பழைய சத்திரம், மண்டபம், சாவடி எத்தனையோ இருக்கின்றன. ஓய்வாக இருக்கும் நண்பர்கள் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து, நீள அகலம் குறித்து, தேதி போட்டு வையுங்கள். இடிப்பதைத் தடுக்க நம்மால் முடியாவிட்டாலும், இருந்ததற்குச் சாட்சியாவது மிஞ்சும்.