ரைஸின் நுரையீரல்

ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தை அறிந்தோர் பலர். அதன் கொடையாளியின் மரணம் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நுரையீரலைச் சுற்றி வழக்காடப்பட்டது என்பதை அறிந்தோர் குறைவு.

வில்லியம் மார்ஷ் ரைஸ் 1900 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் இல்லத்தில், தம் 84ஆம் வயதில் இறந்தார். இயற்கை மரணம் என்றே மருத்துவர் சான்றளித்தார். மறுநாள் ஆல்பர்ட் பேட்ரிக் என்ற வழக்கறிஞர் பெயருக்கு எழுதப்பட்ட 25,000 டாலர் காசோலை வங்கிக்கு வந்தது. 'ஆல்பர்ட்' என்பதில் 'ல்' விடுபட்டிருந்தது. அந்த ஓரெழுத்தால் ஐயம் பிறந்தது. ரைஸின் உயில் ஒன்றும் போலியென்று தெரியவந்தது.

உடலை உடனே எரித்துவிட பேட்ரிக் முனைந்தார். உலை சூடேற ஒரு நாளாகும் என்றார்கள். அதனால் உடல் பதப்படுத்தப்பட்டது. அதன் பிறகே பிரேதப் பரிசோதனை நடந்தது.

இங்குதான் சிக்கல். பதப்படுத்துவோர் தமனி வழியே திரவத்தைச் செலுத்துவர். குருதி வெளியேறும், திசு இறுகும், நிறம் மாறும். அக்காலத் திரவங்கள் பலவற்றில் ஆர்சனிக் இருந்தது. நஞ்சூட்டப்பட்ட உடலிலும் ஆர்சனிக், நஞ்சே அறியாத உடலிலும் ஆர்சனிக்! இத்திரவங்களைப் பின்னாளில் அமெரிக்க மாநிலங்கள் தடைசெய்ததற்கு இதுவும் காரணம். அவற்றின் இடத்தைப் பிடித்த ஃபார்மால்டிஹைடோ நேரெதிர். சயனைடுடன் வினைபுரிந்து அதன் தடயத்தையே அழித்துவிடக்கூடியது.

ரைஸின் நுரையீரலில் குருதித் தேக்கம் காணப்பட்டது. உறங்கியவரின் முகத்தில் குளோரோஃபார்ம் நனைத்த துணியை வைத்ததாகப் பணியாள் சார்லஸ் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டான். தூண்டியவர் பேட்ரிக் என்றான். தேக்கம் அதற்குச் சான்று என்றது அரசுத் தரப்பு. பதப்படுத்திய திரவமே அதை உண்டாக்கியிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. மருத்துவர்கள் இரு அணியாகப் பிரிந்து நின்றனர். இறப்பதற்கு முன் நேர்ந்ததையும் பின் நேர்ந்ததையும் அந்தத் திசுவில் பிரித்தறிய அன்று யாராலும் ஐயமறக் கூடவில்லை.

1902இல் பேட்ரிக்குக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1905இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் நீதிபதிகள் ஒருமனதாக இல்லை. 1906இல் ஆளுநர் அதை ஆயுள்தண்டனையாகக் குறைத்தார். கொன்றதாகச் சொன்ன ஜோன்ஸோ சாட்சியம் அளித்ததால் தண்டனையின்றிப் போனான். பேட்ரிக் யோக்கியர் என்று எனக்குத் தோன்றவில்லை. போலி உயில் ஒன்றே போதும். ஆனால் மோசடிக்கு மின்நாற்காலி கிடையாது. அந்த நாற்காலிக்கு ஜோன்ஸின் சொல்லும் அந்த நுரையீரலும்தான் வேண்டியிருந்தன.

ரைஸ் கல்விக்கூடத்தின் முதல் வகுப்புகள் அவர் இறந்த அதே தேதியில், 1912 செப்டம்பர் 23 அன்று தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில் ஆளுநர் ஜான் டிக்ஸ் மன்னிப்பு வழங்க, பேட்ரிக் சிறையிலிருந்து வெளியே வந்தார்.