அழியத் தெரிந்த தூது

1961-ல் ஜாக்கோபும் மோனோவும் ஒரு புதிரில் நின்றார்கள். பாக்டீரியாவிடமிருந்து பால்சர்க்கரையை எடுத்துவிட்டால், அதைச் செரிக்கும் நொதியின் உற்பத்தி சில நிமிடத்தில் நின்றுபோகிறது. உத்தரவுத்தாள் அப்படியே கிடந்தால் இது எப்படி நடக்கும்? தாள் கிழிந்தே ஆகவேண்டும். தூது ஆர்.என்.ஏ என்ற எண்ணமே அதன் அழிவோடு சேர்ந்துதான் பிறந்தது.

மனிதரில் இது தலசீமியா ரத்தத்தில் தெரிந்தது. 1979-ல் சாங், கான் இருவரும் ஒரு சீன நோயாளியின் பீட்டா குளோபின் செய்தியில், 17ஆவது சொல்லிலேயே முற்றுப்புள்ளி விழுந்திருப்பதைக் கண்டார்கள். 1981-ல் லின் மகுவாட் குழு இன்னொன்றைக் காட்டியது: சில நோயாளிகளிடம் செய்தி எழுதப்படுகிறது, ஆனால் நிலைக்காமல் சிதைகிறது.

கம்போங் மேடான் மாதிரி மூவினமும் நெருங்கி வாழும் இடத்தில் பிழைகளும் பலவிதம். சீனரிடம் 41, 42ஆவது சொற்களில் நான்கு எழுத்து விடுபடுவது அதிகம். நம்மவரிடம் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறுவது.

கேரியர் என்று முடிவு வந்தால் "ரத்தமே கெட்டுப்போச்சு" என்கிறார்கள். அப்படியில்லை. முற்றுப்புள்ளி முன்னாலேயே விழுந்த செய்தியை செல் கண்டுபிடித்துக் கிழித்துவிடுகிறது. அரைகுறைப் புரதம் குவிவதில்லை, நல்ல பிரதி சமாளிக்கிறது. அதே புள்ளி மரபணுவின் கடைசிப் பகுதியில் விழுந்தால் துப்புரவுக்குத் தெரியாது. அப்போது ஒரு கெட்ட பிரதியே ஆளைப் படுத்திவிடலாம்.

இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். அங்கே கிழிப்பதால் பயனில்லை. நல்ல பிரதி ஒன்றாவது வேண்டுமே.