பழவேற்காட்டுக் கைக்குட்டை

கும்மிடிப்பூண்டி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவன சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும், பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகளும், ஜி.என்.டி. சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகளுமே. ஆனால் அவ்வூருக்குக் கிழக்கே, ஆரணியாறு வந்து சேரும் உப்பங்கழிக் கரையில் அமைந்த பழவேற்காட்டின் பெயர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஓர் ஊரின் பெயராக அல்லாமல் ஒரு துணியின் பெயராகவே வழங்கி வந்தது. ஐரோப்பியர் நாவில் 'புலிகாட்' என்று மாறிய அந்தப் பெயர், கட்டம் போட்ட வர்ணக் கைக்குட்டை எதற்கும் பொதுப்பெயராகி, ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றது.

கைக்குட்டை என்ற மாத்திரத்தில் சட்டைப்பையில் மடித்து வைக்கும் சிறு துண்டை எண்ணிக்கொள்ளக் கூடாது. அக்கால வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தில் 'ஹேண்ட்கர்சீப்' என்பது ஒரு சரக்கின் இனப்பெயர். ஏறக்குறைய ஒரு கஜம் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட சதுரத் துணி எதுவாயினும், அதைத் தலையில் கட்டினாலும் கழுத்தில் சுற்றினாலும் இடுப்பில் உடுத்தினாலும், அந்த இனத்திலேயே சேர்த்து எழுதினார்கள். அச்சொல்லின் மூலமே தலையை மூடும் துணி என்பதுதான். முகம் துடைக்கும் துணியைக் குறித்த பாரசீகச் சொல் நம்மிடம் வந்து 'உருமால்' என்று தலைப்பாகையாக மாறியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆகவே பெயர் ஒன்றாகவும் உபயோகம் பலவாகவும் இருந்ததில் வியப்பில்லை. வியப்பெல்லாம், இந்த ஒரு சதுரத் துணி எத்தனை சமுத்திரங்களைக் கடந்து, எத்தனை ஜாதி மக்களின் உடம்பில் எத்தனை அர்த்தங்களைப் பெற்றது என்பதில்தான் இருக்கிறது.

அந்தத் துணியின் நெசவு முறையை முதலில் சொல்லவேண்டும். ஏனெனில் அதன் கீர்த்திக்குக் காரணம் நெசவாளரின் கையிலும் சாயக்காரரின் தொட்டியிலுமே இருந்தது. இது அச்சிட்ட துணியன்று, எழுதிய துணியுமன்று. நூலாக இருக்கும்போதே சாயமேற்றி, சிவப்பு நூலையும் நீல நூலையும் வெள்ளை நூலையும் எண்ணிக்கை தவறாமல் பாவில் வரிசைப்படுத்தி, அதே எண்ணிக்கைக்கு ஊடையிலும் நாடா மாற்றி மாற்றி ஓட்டினால்தான் கட்டங்கள் சதுரமாக அமையும். ஓரிழை கூடினாலும் குறைந்தாலும் கட்டம் கோணிவிடும். நான்கு பக்கமும் கரை வருமாறு ஒவ்வொரு சதுரத்தையும் முடித்து, இடையில் அறுக்காமல் தொடர்ச்சியாகப் பல சதுரங்களை ஒரே துண்டாக நெய்வார்கள். பிற்காலத்தில் எட்டுக் கஜத்தில் எட்டுச் சதுரங்கள் என்பது வழக்கமான அளவாயிற்று. வேண்டியவர் அறுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் முழுத் துண்டாகவே உடுத்திக்கொள்ளலாம். இந்த வசதியே அத்துணியைப் பல தேசத்தாருக்கும் ஏற்றதாக்கிற்று என்பது என் அபிப்பிராயம்.

சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. சாயவேர் என்பது கடலோர மணற்பாங்கில் தரையோடு படரும் இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர். அதன் சிவப்பு பருத்தியில் எளிதில் பற்றாது. எண்ணெயிலும் சாம்பல் காரநீரிலும் நூலைத் திரும்பத் திரும்ப நனைத்து, வெயிலில் உலர்த்தி, நாட்கணக்கில் பக்குவப்படுத்திய பிறகே சாயத்தில் இடவேண்டும். அந்தப் பக்குவத்தினால் துணிக்கு ஒரு தனி வாசனை உண்டாயிற்று. ஆப்பிரிக்கச் சந்தையில் துணியை முகர்ந்து பார்த்தே அசலா, போலியா என்று தீர்மானித்தார்கள் என்றால், சாயக்காரரின் தொழில் எவ்வளவு தூரத்துக்கு நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தது என்பது விளங்கும்.

பழவேற்காடு விஜயநகர அரசர் காலத்திலேயே துணி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகம். போர்ச்சுகீசியரும் அதற்கு முன்பே அரேபிய, தமிழ் முஸ்லிம் வர்த்தகரும் அங்கிருந்து மலாக்காவுக்கும் பர்மாவுக்கும் துணி கொண்டுபோனார்கள். பிறகு வந்த டச்சுக்காரர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் அனுமதியைப் பெற்று, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரையில் சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் பழவேற்காட்டிலிருந்தே நடத்தினார்கள். மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விளைவிப்போர் வெள்ளியைக் காட்டிலும் நம் கரைத் துணியையே விரும்பியதால், இங்கே துணி வாங்கினாலன்றி அங்கே வாசனைச் சரக்கு வாங்க முடியாத நிலை இருந்தது. ஆங்கிலேயரும் 1620களின் தொடக்கத்தில் சில காலம் டச்சுக்காரரின் கூட்டாளிகளாகப் பழவேற்காட்டில் இருந்து பார்த்து, ஒத்துவராமல் விலகி, கடைசியில் 1639-இல் தெற்கே சென்னையில் இடம்பெற்றார்கள். அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு அங்கே துணி மலிவு என்பதும் ஒரு முக்கியக் காரணம். பின்பு திருவொற்றியூரை அடுத்து காலடிப்பேட்டையையும், கூவத்தின் வளைவில் சிந்தாதிரிப்பேட்டையையும் நெசவாளருக்கென்றே அமைத்துத் தறிக்காரரைக் குடியேற்றினார்கள். தொழில் இவ்வாறு மெல்லத் தெற்கே நகர்ந்தது. சரக்கின் பெயரும் அதனோடு நகர்ந்து, பழவேற்காட்டுக் கைக்குட்டை 'மெட்ராஸ் கைக்குட்டை' ஆயிற்று.

இனி நான் சொல்லப்போவது இந்தச் சரித்திரத்தின் மிகவும் துயரமான பகுதி. அதை மறைத்துவிட்டுத் துணியின் அழகை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. கீழ்நாட்டிலிருந்து வரும் சாயமிட்ட பருத்தித் துணிகளால் தங்கள் நெசவுத்தொழில் கெடுகிறதென்று கூச்சலிட்ட ஆங்கிலேயர், 1700-லும் 1721-லும் சட்டமியற்றி அவற்றைத் தங்கள் நாட்டில் உடுத்தலாகாது என்று தடுத்தனர். ஆனால் லண்டனில் இறக்கி மறுபடி வேறு தேசங்களுக்கு ஏற்றுமதி செய்வதற்குத் தடையில்லை. அப்படி மறு ஏற்றுமதியான கட்டத்துணியில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிற்று. அங்கே அது மனிதரை விலைக்கு வாங்கும் நாணயமாகப் பயன்பட்டது. பழவேற்காட்டிலிருந்தே டச்சுக் கப்பல்கள் பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய நம்மவரை அடிமைகளாக, இன்று ஜகார்த்தா எனப்படும் பதேவியாவுக்கு ஏற்றிச் சென்றன என்பதையும் சேர்த்து எண்ணும்போது, ஒரே துறையில் துணியும் மனிதரும் பக்கத்தில் பக்கத்தில் சரக்காகக் கிடந்த அந்தக் காலத்தை நினைக்க மனம் நடுங்குகிறது. தறியில் உட்கார்ந்திருந்தவர் இதை அறியார். அறிந்து நடத்தியவர்கள் கணக்கெழுதியவர்கள்.

ஆயினும் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமைகளாகப் போனவர்கள் அந்தத் துணியைத் தங்களுடையதாக்கிக்கொண்ட விதம் மனித சுபாவத்தின் மேன்மைக்குச் சாட்சியாக நிற்கிறது. லூசியானாவை ஸ்பானியர் ஆண்ட காலத்தில், 1786-இல், ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களும்கூட, தலைமயிரை அலங்கரித்துக்கொள்ளாமல் துணியால் மூடிக்கட்டவேண்டும் என்று கவர்னர் மிரோ உத்தரவிட்டார். அவர்களைத் தாழ்த்துவதே அதன் நோக்கம். அப்பெண்களோ பளபளக்கும் வர்ணத்துணிகளையும் மெட்ராஸ் கைக்குட்டைகளையும் தேடியெடுத்து, உயர்த்தியும் மடித்தும் கூம்பாக முடிந்தும், எந்தச் சீமாட்டியும் பொறாமைப்படும் அலங்காரமாக அதை மாற்றிவிட்டார்கள். கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அதற்கு 'மதராஸ்' என்றே பெயர். தலைக்கட்டில் ஒரு முனை நின்றால் இவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, இரண்டானால் நிச்சயமாயிற்று, மூன்றானால் விவாகமாயிற்று என்று அங்கே பொருள் சொல்வார்கள். செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளின் தேசிய உடையில் இன்றும் இந்தக் கட்டங்களைக் காணலாம். ஜமைக்காவில் அதுவே 'பந்தானா' என்னும் பெயரோடு கிராமியப் பெண்களின் உடையாகி, விழாக்களில் தேசத்தின் அடையாளமாக விளங்குகிறது. அடிமைமுறை ஒழிந்தபின் 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக் போய் இறங்கிய தமிழர்கள், தங்கள் நாட்டுக் கட்டத்துணி தங்களுக்கு முன்பே அங்கு வந்து பிறர் தலையில் குடிகொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள்.

நைஜர் நதி முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்களிடம் அது பெற்ற ஸ்தானம் இன்னும் விசேஷமானது. 'இஞ்சிரி' என்று அவர்கள் அழைக்கும் மெட்ராஸ் துணி, பிறப்பு, பருவமடைதல், மரணம் ஆகிய எல்லாச் சடங்குகளிலும் இடம்பெறும். குடும்பத்துப் பெரியவர் இறந்தால் உடலைக் கிடத்தும் கட்டிலையும் அறையையும் தலைமுறைகளாகப் பெட்டியில் சேர்த்துவைத்த துணிகளால் அலங்கரிப்பார்கள். அதோடு நின்றார்களில்லை. நெய்து வந்த துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களைக் கூரிய கத்தியால் அறுத்து, மெதுவாக உருவியெடுத்து, பழைய கட்டங்களுக்குள்ளேயே புதியதோர் உருவம் தோன்றச் செய்யும் கலையைக் கலபாரிப் பெண்கள் வளர்த்தார்கள். அதற்குப் 'பெலெத்தே பிதே' என்று பெயர். இங்கே ஒருவர் இழை இழையாகச் சேர்த்ததை அங்கே ஒருவர் இழை இழையாக நீக்கி நிறைவு செய்தார் என்றால், ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இவ்விருவரையும் ஒரே துணியின் இரு கர்த்தாக்கள் என்றே நான் சொல்வேன். அண்டைப் பிரதேசத்து இபோ மக்கள் இவ்வகைத் துணியை 'ஜார்ஜ்' என்பார்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரே அது என்பர்.

மலாய் நாட்டில் இந்தத் துணி தலையில் ஏறவில்லை, இடுப்பில் தங்கிற்று. அங்கே ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். அது பழவேற்காட்டின் பெயரே. நம் நாட்டில் 'பளையகாட் லுங்கி' என்று கடைக்காரர்கள் சொன்னதும் அதையேதான்.

மேற்கேயும் போலிகள் கிளம்பாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நெசவாளர்கள் 'புலிகாட்' கைக்குட்டைகளைத் தாங்களே நெய்யத் தொடங்கினார்கள். 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகள் எழுநூற்றைப் பதினெட்டுத் தொகுதிகளாகச் சேர்த்து வெளியிட்டார். நம் மக்கள் எதை உடுத்துகிறார்கள் என்று ஆங்கில ஆலைக்காரர் பார்த்து, அதைப் போலவே செய்து நமக்கே விற்கவேண்டும் என்பது அந்தத் தொகுப்பின் வெளிப்படையான நோக்கம். 1869-இல் செயற்கைச் சிவப்பும், 1897-இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வழிதேடிக்கொண்டபின், சாயவேர் தோண்டுவோரின் ஜீவனமும் தேய்ந்துபோயிற்று. பழவேற்காடு அதற்கு முன்பே, 1825-இல், டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயருக்குக் கைமாறி, துறைமுக அந்தஸ்தை இழந்து மீன்பிடி ஊராகச் சுருங்கிவிட்டது.

ஆயினும் கைக்குட்டை மடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சைதாப்பேட்டையிலும் சீராலாவிலும் பொன்னேரி வட்டாரத்துத் தறிகளிலும் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்' என்ற முத்திரையோடு அது நெய்யப்பட்டு நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1967 முதல் 1970 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போர், அதை விரும்பி வாங்கிய கிழக்குப் பிரதேசத்தையே முற்றுகைக்குள்ளாக்கிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாட்டரசு விதித்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிச்சமிருந்த வாணிபத்தையும் நெருக்கின. தறிக்காரர்கள் லுங்கிக்கும் சேலைக்கும் மாறினார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஆவடியில் 1961 முதல் படைவீரர்களுக்கு உடை தைக்கும் பெரிய தொழிற்சாலையும் இருக்கிறது. பாவு விரிக்கும் பாவடியில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். அதில் குறைகூற எதுவுமில்லை, குழித்தறியில் முதுகொடிந்து பெற்ற கூலி எவ்வளவு அற்பம் என்பது தெரிந்தவர்களே அவர்கள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. அது நல்ல காரியம். அதே ஊரில், அவர்கள் எதை வாங்கக் கடல் கடந்து வந்தார்களோ அந்தத் துணியைக் காட்ட ஓர் அறையாவது அமைக்கவேண்டும். கலபாரிப் பெண் நூலுருவிய துண்டும், மார்த்தினிக்கின் தலைக்கட்டும், மலாய்க் கைலியும் ஒரே சுவரில் தொங்கினால், கும்மிடிப்பூண்டிப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பக்கத்து ஊரின் சரித்திரத்தைப் பாடப்புத்தகத்தின் துணையின்றியே படித்துக்கொள்வார்கள். அதற்கு முன் அவசரமாகச் செய்யவேண்டியது வேறொன்று: எண்ணி நெய்யும் கட்டக்கணக்கை அறிந்த முதிய தறிக்காரர்கள் இருக்கும்போதே அவர்களிடம் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். இம்பூறல் நம் கடலோர மணலில் இன்னும் தானாக முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.